எழுத்து முப்பதும் விரல் நுனியும்

பெரியபுராணத்திலே தண்டியடிகள் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் பெரும்பாலார் அதன் முடிவிலுள்ள அற்புதத்தையே விரித்துரைப்பர். பிறவியிலேயே கண்ணில்லாத அடியவர் கண் பெற்றார் என்றதும் மாணவர் மகிழ்வர். பாடவேளை முடிந்து மணியும் அடித்துவிடும். அதற்கு முன்னே சேக்கிழார் பெருமான் கூறிச் செல்லும் செய்தியொன்று பலர் நெஞ்சில் நிற்பதில்லை. திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்றிசைக் குளம் தூர்ந்து குறுகியதை அறிந்த அடிகள், அதனைத் தாமே அகழ விரும்பினார். குளத்தின் நடுவே ஒரு கோலும் கரையிலே ஒரு கோலும் நாட்டி, இரண்டையும் கயிற்றாற் பிணித்தார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். அவரை ஏளனஞ் செய்தோர் கண்ணின்மையைப் பழித்ததோடு அமையாது, மண்வெட்டியையும் கூடையையும் கோலையும் கயிற்றையும் பறித்துக்கொண்டனர். அடிகளின் பணி நின்றது கண் இல்லாமையால் அன்று. கயிறு இல்லாமையால் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

பின்வரும் அற்புதம் அடியார்க்குரியது. நான் இங்கே நிற்பது அந்தக் கயிற்றடியிலேயாம். புலன் ஒன்று இல்லாதவருக்கென இக்காலத்தார் அமைக்கும் கருவிகள் யாவற்றுக்கும் அஃது ஒரு நல்ல முன்மாதிரி. அதைச் செய்தவர் அதைப் பயன்படுத்தியவரே. விலை மலிந்த பொருளாற் செய்தார். தாம் நடக்கும் தரையையும் தாம் செய்யும் வேலையையும் அறிந்து செய்தார்.

இம்மூன்றும் பொருந்தாத கருவி மூலையிற் கிடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். மேல்நாட்டிலிருந்து வந்த செயற்கைக் கால் சப்பாத்து அணிந்து நாற்காலியில் இருப்பவருக்கென அமைந்தது. வெறுங்காலோடு வயலில் இறங்குபவனுக்கும், தரையிற் சம்மணமிட்டு உண்பவனுக்கும் அஃது உதவவில்லை. ஜெய்ப்பூரிலே இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் இறப்பரைக்கொண்டு 1960களின் இறுதியில் ஒரு பாதத்தைச் செய்தனர். குந்தியிருக்கலாம், சேற்றில் நடக்கலாம், சப்பாத்து வேண்டியதில்லை. போரினாற் காலிழந்த நம்மவர் பலர் அப்பாதத்தால் எழுந்து நடந்தனர்; 1987 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் அதற்கென ஒரு நிலையமே இயங்கிவந்துள்ளது.

வெண்பிரம்பும் அத்தகையதே. 1921இல் பிரிஸ்தல் நகரத்து ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர், கண்ணிழந்தபின் வண்டியோட்டிகள் தம்மைக் கண்டுகொள்ளும் பொருட்டுத் தம் கைத்தடிக்கு வெள்ளை பூசினார். 1944இல் அமெரிக்காவில் ரிச்சட் ஹூவர், நீண்ட பிரம்பை இருபுறமும் வீசித் தரையைத் தட்டி வழியறியும் முறையை வகுத்தார். கல் பதித்த தெருவுக்கு அஃது உகந்தது. பெரியகல்லாற்றிலோ கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையிலே மணல். மணலொழுங்கையில் தட்டினால் ஓசை எழாது, முனை புதையும், தெருவின் ஓரம் எது, வளவின் எல்லை எது எனப் பிரம்பு சொல்லாது. நுனியில் உருளும் குமிழ் பொருத்திய பிரம்பு இங்கே கூடுதலாக உதவும். பிரம்பு வழங்கும் விழாக்களில் மாலையும் பேச்சும் நிறைய இருக்கின்றன. எந்தத் தரையில் நடப்பீர் என்று பெறுபவரைக் கேட்பார்தாம் அரியர்.

காலுக்கும் கோலுக்கும் இவ்வளவு கூறியது எழுத்துக்கு வருவதற்காகவே. எழுத்துத்தான் பண்டிதர்களாகிய எம்மவரின் துறை. அதிலேதான் எம்மவரின் அசட்டை மிகுதி.

தொட்டுப் படித்தல் தமிழுக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகிலே எழுதிக்காட்டிக் கல்வி புகட்டினர் என்பது செவிவழிச் செய்தி. ஆயின் அம்முறையிற் கற்பவனுக்கு எழுதிக்காட்ட எப்பொழுதும் ஒருவர் வேண்டும். தானே எடுத்துத் தானே படிக்கும் நூல் வேண்டுமாயின் வேறு வழி காணல் வேண்டும். அவ்வழியைக் கண்டவர் லூயி பிறெயில். 1809இல் பிரான்சு நாட்டுச் சிற்றூரொன்றிற் பிறந்து, மூன்று வயதிலே தந்தையின் தோற்பட்டறையில் ஊசியாற் கண்ணைக் குத்திக்கொண்டு பார்வை இழந்தவர். சார்ல்ஸ் பார்பியே என்பவர் இருளிற் படிப்பதற்கென வகுத்த பன்னிரு புள்ளி முறை அவர் கைக்கு வந்தது. அதில் இரண்டு குறைகள் இருந்தன. பன்னிரண்டு புள்ளியும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கா. அன்றியும் அது சொல்லின் ஓசையைக் காட்டிற்றேயன்றி எழுத்துக்கூட்டலைக் காட்டவில்லை. பார்வையுள்ள பார்பியேக்கு இவை குறைகளாகத் தோன்றவில்லை. தம் விரல் எவ்வளவைத் தாங்கும் என்றறிந்த இளைஞர் புள்ளிகளை ஆறாகக் குறைத்து, ஓசையை விடுத்து எழுத்தைப் பற்றினார். 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது. அவர் கற்ற பாரிசுப் பள்ளியே அதனை முறைப்படி ஏற்றது 1854இல். அப்பொழுது அவர் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது.

இந்தியத் துணைக்கண்டத்திலே பல மொழிகளுக்குப் பலர் பலவாறு புள்ளி வகுத்தமையால் ஓரூரிற் கற்றவர் மற்றோரூர் நூலைப் படிக்க இயலாத நிலை இருந்தது. இக்குழப்பத்தை நீக்க யுனெஸ்கோ முன்வந்தது. கலிப்பொலிப் போரில் 1915இல் கண்ணிழந்த நியூசிலாந்து வீரர் சேர் குளூத்தா மக்கென்சி அப்பணியில் முன்னின்றார். 1951இல் பெய்ரூத்தில் நடந்த மாநாட்டின் வழியே, இந்திய மொழிகளில் ஒத்த ஓசைக்கு ஒத்த புள்ளி என்னும் ஒழுங்கு அமைந்தது. பாரதி பிறெயில் என்பது அதன் பெயர். இலங்கையில் 1912இல் தொடங்கிய பாடசாலை இரத்மலானையிலும், தமிழ்ப் பிள்ளைகளுக்கென நவீல்ட் பாடசாலை கைதடியிலும், தரிசனம் பாடசாலை மட்டக்களப்பிலும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துள்ளன.

இனித் தமிழ்ப் பிறெயிலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். இலக்கணம் கற்றோர் இதனை அறிந்தால் வியப்பர். தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என்றார். உயிர்மெய்யிலே மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிக்கும் என்றும் கூறினார். நம் அச்செழுத்து இவ்வொழுங்கைப் பின்பற்றுவதில்லை. 'கொ' என எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னே வருகின்றது, ககரம் நடுவிலே, கால் பின்னே. ஓர் உயிரின் குறி மெய்யின் இருபக்கமும் பிளந்து நிற்கின்றது. 'கு' ஒரு வடிவம், 'சு' மற்றொரு வடிவம், 'டு' வேறொரு வடிவம். பிறெயிலில் இவை எவையும் இல்லை. உயிர் பன்னிரண்டுக்கும் மெய் பதினெட்டுக்கும் ஒவ்வொரு குறி, ஆய்தத்துக்கு ஒன்று, புள்ளியைக் காட்ட ஒன்று. 'கொடு' என்பது க, ஒ, ட, உ என நான்கே குறி. உயிர் தனித்து நின்றாலும் மெய்யோடு கூடினாலும் அதற்கு ஒரே வடிவம். அவ்வாறாயின் மயக்கம் வாராதோ எனின், சொல்லினிடையிலே அகரமேறிய மெய்யை அடுத்துத் தனியுயிர் வாராது என்னும் நம் மொழி மரபே காவலாய் நிற்கின்றது. அளபெடையிலும் நெட்டுயிர்க்குறியின் பின்னரே குற்றெழுத்து வருதலின் இடரில்லை. 'அம்மா' என்பதை விரல் படிக்கும் முறை இது: அ, புள்ளி, ம, ம, ஆ. புள்ளி மெய்யின் முன்னே வருவதுதான் அச்சிலிருந்து வேறுபாடு; இனி வருவது மெய் என விரலுக்கு முன்னறிவித்தல் போலும்.

எழுத்துச் சீர்திருத்தம் பற்றி மேடைதோறும் வாதிட்ட நம்மனோர், முப்பது எழுத்தால் முழுத் தமிழையும் எழுதும் முறை நம் அருகிலுள்ள பாடசாலைகளிலேயே வழங்கியதை எட்டிப் பார்க்கவில்லை.

கைத்தொலைபேசியே பேசும் இக்காலத்தில் இந்தப் புள்ளி எதற்கு, காதாற் கேட்டால் போதாதோ என்று சிலர் வினவுகின்றனர். பிறெயிற் கடதாசி தடித்தது, நூல் பருத்தது, செலவு மிக்கது, ஆதலின் கேள்வியே போதும் என்பது அவர் கொள்கை. தமிழாசிரியன் என்ற முறையில் இதனை நான் முற்றாக மறுப்பேன். நகரம் மூன்றினையும் காது எங்ஙனம் பிரித்தறியும்? 'முந்நாள்' என்பதும் 'முன்னாள்' என்பதும் செவிக்கு ஒன்றே. எங்கள் பகுதிப் பேச்சிலே ழகரம் ளகரமாகின்றது. ரகர றகர வேறுபாடு பலர் நாவில் இல்லை. பார்வையுள்ள பிள்ளை ஒரு சொல்லை நூறு முறை பார்த்துப் பார்த்து அதன் எழுத்தை மனத்திற் பதிக்கின்றது. கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அப்பிள்ளை எழுத்துப்பிழை விடும்பொழுது நாம் புள்ளியைக் குறைக்கின்றோம். விரல் வழியாக எழுத்தைக் கொடாதுவிட்டுப் பிழைக்குத் தண்டனை கொடுப்பது என்ன நீதி? பார்பியேயின் முறையிலே லூயி பிறெயில் கண்ட குறை இதுவே.

அதனால் ஒலிக்கருவியை நான் இகழ்கின்றேன் எனக் கொள்ளற்க. அதன் பயன் பெரிது. கணினித் திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கின்றோம். முன்பு அதனை விலைகொடுத்து வாங்கச் செல்வர்க்கே இயலும். மைக்கல் கரன், ஜேம்ஸ் தே என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் இருவர், இருவருமே விழிப்புலனற்றோர், 2006இல் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கி அதனை எவரும் இலவசமாகப் பெறுமாறு செய்தனர். அது தமிழையும் வாசிக்கும். இந்தியாவிற் பிறந்து பதினான்கு வயதிற் கண்ணொளி இழந்த டி. வி. இராமன், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் நிறைவுசெய்த ஆய்விலே, கணித நூலைச் செவிக்கு விளங்க வாசிக்கும் முறையை அமைத்தார். தண்டியடிகளின் கயிறு போல, வேண்டியவரே செய்துகொண்ட கருவிகள் இவை.

கருவி வந்துவிட்டது, விலையும் தடையன்று. பின்னர் எங்கே தடை?

என் இலக்கண வகுப்பிலே விழிப்புலனற்ற இளைஞர் ஒருவர் பயில்கின்றார். சென்ற ஆண்டு பரீட்சை தொடர்பான சுற்றறிக்கையொன்று ஓர் அலுவலகத்திலிருந்து அவருக்கு மின்னஞ்சலில் வந்தது. அவர் தம் கைத்தொலைபேசியை அதனை வாசிக்கச் செய்தார். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற தோரணையில் ஆங்கில எழுத்துகளாகவே அது ஓதிக்கொண்டு போயிற்று. "இஃது எந்த மொழி, ஐயா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். தாளிலே பார்த்தால் செவ்விய தமிழ். விண்ணப்ப முடிவு நாள் அதற்குள்ளேதான் இருந்தது. வகுப்பிலிருந்த மற்றொருவர் வாசித்துக்காட்டியமையால் அவர் தப்பினார்.

இதன் காரணத்தை ஆசிரியர் யாவரும் அறிதல் வேண்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடும்பொழுது கணினி தமிழ் எழுத்தைப் பதிவதில்லை. ஆங்கில எழுத்தைப் பதிந்து, அதன்மேல் தமிழ்ச் சட்டையைப் போர்த்துகின்றது. 'அம்மா' என்று நாம் காண்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்துமேயாம். கண் சட்டையைப் பார்க்கின்றது; திரைவாசிப்பான் உடலைப் பார்க்கின்றது. தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. ஒருங்குறியில் எழுதினால் 'அம்மா' உள்ளேயும் தமிழாகவே இருக்கும். அகரம், மகரம், புள்ளி, மகரம், ஆகாரக்குறி என ஐந்து. 'கொ' என்பதும் ககரம் முன், ஒகரக்குறி பின் என ஒலிக்கும் ஒழுங்கிலேயே பதிவாகும். பிறெயிலும் ஒருங்குறியும் தொல்காப்பியர் வகுத்த வரிசையிலே ஒன்றுபடுதலால், ஒருங்குறியில் எழுதியதைப் பிறெயிலாக மாற்றுவதும் கணினிக்கு எளிது. பாமினியில் எழுதியதோ கண்ணுக்கன்றி வேறெதற்கும் உதவாது. எழுத்துருவை மாற்றச் செலவில்லை. கை பழகியதை விட மனமில்லாமையே காரணம். பாமினிக்குப் பழகிய விரலுக்கும் அதே விசைகளால் ஒருங்குறியில் எழுத வழி உண்டு.

இன்னொரு தீமை படமாக அனுப்புதல். வினாத்தாள், பாடக்குறிப்பு, கூட்ட அறிவித்தல் யாவற்றையும் ஒளிப்படம் எடுத்துத் தொலைபேசியில் அனுப்புகின்றோம். படத்திலுள்ள எழுத்து திரைவாசிப்பானுக்கு வெண்சுவர். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணிவருவது பெருந்தொண்டு. அதிலே பக்கங்கள் பெரிதும் படமாகவே உள்ளன. இதனை அந்நிறுவனத்தின் குறையாகக் கூறுகின்றிலேன். அழியும் நூலை முதலிற் காப்பதே முறை. காத்ததைத் தட்டச்சிட்டு எழுத்தாக்குதல் நம்மைப் போன்றோர் கடன். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிற்று. உலகெங்குமுள்ள தமிழன்பர் ஊதியமின்றிச் சங்க நூல் முதல் பிற்கால நூல் வரை தட்டச்சிட்டு வைத்தனர். பழைய நூல் மறையாதிருக்கச் செய்த அப்பணி, விழிப்புலனற்ற தமிழ் மாணவருக்கு ஒரு நூல்நிலையமாகவும் அமைந்துவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் அச்சுத் தமிழைக் கணினி தானே அறியும் மென்பொருளை உருவாக்கினர். பாடநூல்களைப் பிறெயிலாக்க அது பயன்பட்டது. எனினும் மங்கிய பழம்பதிப்பிலே ரகரத்தையும் காலையும் மயங்கிப் படிக்கும் கணினிக்கு, மெய்ப்புத் திருத்த ஒரு தமிழறிந்தவர் பின்னே இருத்தல் வேண்டும்.

எந்திரத்துக்கும் பண்டிதனுக்கும் என்ன தொடர்பு என்பாருக்கு ஒரு சொல். எங்கள் மண்ணிலே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் மரபினர் எனப் பெருமை பேசுவோர் கணினிக்குத் தமிழ் கற்பிக்க நாணுவதேன்? கற்பிக்க வேண்டியவை பல. ககரம் சொல்முதலில் ஓரோசை, இடையில் ஓரோசை, மெல்லினத்தின் பின் ஓரோசை. '1956இல்' என்பதை எவ்வாறு ஒலிப்பது? ஈழத்து வழக்கிலே 'மாக்கற்', 'ரிக்கற்' என எழுதுகின்றோம். ஈற்றிலுள்ள றகர ஒற்று நமக்கு ஆங்கில 'ட்' ஓசை. நான் கேட்டவரையில் கருவி அதனை 'ர்' என்றே உருட்டுகின்றது, தமிழகத்து எழுத்து வழக்கைக்கொண்டு பயின்றமையால். நம் வழக்கை அதற்குச் சொல்லிக் கொடுப்பார் நம்மைத் தவிர யாவர்?

சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. பதிப்புரிமை தடையாகாமல் விழிப்புலனற்றோருக்கு நூல்களை உகந்த வடிவில் ஆக்க இடந்தரும் மராக்கேஷ் உடன்படிக்கையிலும் அவ்வாண்டே சேர்ந்தது. 2022இல் புலமைச்சொத்துச் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பார்ப்பதில் இடர்ப்படுவோர் இந்நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். குருடர் என்றோம், அந்தகர் என்றோம், விழிப்புலனற்றோர் என்கின்றோம், தமிழகத்தார் மாற்றுத்திறனாளி என்கின்றனர். பெயரை மதிப்போடு மாற்றியது நன்றே. அப்பெயரை எழுதிய அழைப்பிதழையே அவர் படிக்க இயலாத எழுத்துருவில் அச்சிடுவதைத்தான் என்னாற் பொறுக்க முடியவில்லை.

இப்பொழுது எங்கள் மாணவர் சிலர் கூடி, குணசாகரர் உரையோடு யாப்பருங்கலக்காரிகையை ஒருங்குறியில் தட்டச்சிட்டு வருகின்றனர். அலகிட்டுக் காட்டும் இடங்களை அச்சிலுள்ளவாறே பட்டியலாக இட்டால் திரைவாசிப்பான் குறுக்கும் நெடுக்குமாக ஓதிக் குழப்புகின்றது. ஆதலின் ஒவ்வொரு சீரின் பின்னும் அதன் வாய்பாட்டை அடுத்தே எழுதுமாறு அவ்விளைஞர் கூறினார், அவ்வாறே எழுதுகின்றனர். எழுதி முடித்த பக்கத்தை அவர் கேட்டு ஒப்பிய பின்னரே அடுத்த பக்கம். உறுப்பியல் முடிந்தது, செய்யுளியல் நடைபெறுகின்றது. ஒழிபியலுக்குத் தட்டச்சறிந்தோர் இருவரும், மெய்ப்புப் பார்க்கத் தமிழாசிரியர் ஒருவரும் தேவை. சனிக்கிழமை பிற்பகல்களிலே பெரியகல்லாற்றுக்கு வரலாம்.